வேண்டுதலை விட்டபின் கைகூப்புவது எதற்கு?



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்பதற்கு அரைமணி நேரம் போதும். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் நாவிலே ஊறிய பிரார்த்தனை அந்த அரைமணி நேரத்தில் நாவைவிட்டு நீங்கிவிடுவதில்லை. பழைய சாமி படங்களைச் சுவரிலிருந்து கழற்றியவர்கள் நம்மில் பலர். சபையின் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் சிலர். ஆயினும் வீட்டில் துன்பம் நேர்ந்த இரவிலே, படம் இருந்த இடத்தை நோக்கிக் கை தானாகக் குவிகின்றது. இதனை வெளியிற் சொல்லப் பலர் வெட்கப்படுகின்றனர். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆராய வேண்டியதுதான் உண்டு. ஆகவே இம்மாதப் பாடமாக இப்பொருளையே எடுத்துக்கொள்கின்றேன்.

ஒரு சகோதரியின் கேள்வி

சில மாதங்களுக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை வந்தனை முடிந்து எல்லோரும் கலைந்தபின் ஒரு சகோதரி தயங்கி நின்றார். அவருடைய ஆறு வயது மகனுக்கு நெஞ்சிலே சளி கட்டிக் காய்ச்சல் முற்றி, ஒன்பது நாட்கள் அரசாங்க மருத்துவமனையில் வைத்திருந்தனர். மாமியார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளையின் தலையணைக்கடியில் வைத்தார். மருமகள் அதைத் தடுக்கவில்லை.

"ஐயா, மூன்றாம் நாள் இரவு பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. என் கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. பழைய பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. புத்த பகவான் வரம் கொடுக்கிறவர் அல்லர் என்று நீங்களே பாடம் சொல்லியிருக்கிறீர்கள். கூப்பிய கையை யாருக்கு முன்னால் வைப்பது என்று தெரியாமல் விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது தப்பா, ஐயா?" என்று கேட்டார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான், இப்போது பள்ளிக்கூடம் போகின்றான். ஆனால் பிள்ளை பிழைத்ததனால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எண்ணலாகாது. பிள்ளை பிழையாமற் போயிருந்தாலும் நிற்கக்கூடிய விடை எதுவோ, அதுவே விடை. அத்தகைய விடையைத் தம்மத்திலே தேடுவோம்.

வேண்டினால் கல் மிதக்குமா?

நாளந்தையில் பாவாரிகருடைய மாந்தோப்பில் பகவான் தங்கியிருந்த காலத்தில் அசிபந்தகபுத்திரன் என்னும் ஊர்த்தலைவன் அவரிடம் வந்தான். மேற்றிசைப் பிராமணர்கள் இறந்தவனைத் தம் மந்திரத்தால் சுவர்க்கத்துக்கு ஏற்றிவிடுகின்றனராம். அதுபோல் உலகத்தார் அனைவரையும் சுவர்க்கம் சேர்க்கப் பகவானாலும் ஆகுமன்றோ என்பது அவன் கருத்து. பகவான் அவனை இகழவில்லை. எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார். ஒருவன் பெரிய பாறையை ஆழமான மடுவிலே தள்ளிவிடுகின்றான். ஊரார் கூடிக் கரையில் நின்று, கைகூப்பி, மடுவைச் சுற்றி வந்து, பாறையே மேலே வா என்று வேண்டினால் அது மேலே வருமா? வராது என்றான் ஊர்த்தலைவன். நெய்க் குடம் ஒன்றை நீருக்குள் உடைத்தால் ஓடு கீழே போகும். நெய் மேலே வரும். நெய்யே அமிழ்ந்து போ என்று ஊரார் வேண்டினால் அது அமிழுமா? அமிழாது என்றான். கொலையும் களவும் பொய்யும் செய்தவன் நிலை பாறையின் நிலை. அவற்றை விட்டொழித்தவன் நிலை நெய்யின் நிலை. மற்றவர் வேண்டுதல் இரண்டையும் மாற்றுவதில்லை.

இன்னொரு சமயம், அசிரவதி ஆற்றின் கரையிலுள்ள மனசாகதம் என்னும் ஊரில் வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரண்டு இளைஞர்கள் பிரமத்தை அடையும் வழி எது என்று தமக்குள் வாதிட்டுப் பகவானிடம் வந்தனர். கரைபுரண்டு ஓடும் இந்த ஆற்றைக் கடக்க விரும்பும் ஒருவன், இக்கரையில் நின்றபடியே அக்கரையைப் பார்த்து, இங்கே வா, இங்கே வா என்று கூப்பிட்டால் அக்கரை வருமோ என்று பகவான் அவர்களைக் கேட்டார். கடக்க வேண்டியவன் இறங்கிக் கடக்க வேண்டும். அனாதபிண்டிகருக்கு உபதேசித்தபோதும் இதையே வேறு விதமாக விளக்கினார். நீண்ட ஆயுள், அழகு, சுகம், புகழ், சுவர்க்கம் ஆகிய ஐந்தும் எல்லோரும் விரும்புபவை. வேண்டுதலால் இவை கிடைப்பதாயின், இவ்வுலகில் எவருக்குத்தான் எது குறைந்திருக்கும் என்பது அவ்வுபதேசத்தின் சாரம்.

இவ்வளவும் நாம் பலமுறை கேட்டதே. ஆனால் இதனோடு நின்றுவிட்டால் அந்தச் சகோதரிக்கு நாம் கொடுத்தது பாதி விடைதான். வேண்டுதல் பயன்படாது என்பதை அறிந்த பிறகும் கை குவிந்ததே, அதற்கு என்ன சொல்வது?

வேண்டுதல் விட்டுச் செல்லும் காயம்

நான் பிறந்த வீடு கண்டிப்பான ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. அங்கே ஒழுங்கும் இருந்தது, அன்பும் இருந்தது. என் தந்தை குடியை விட்டது அச்சபையினால்தான். நாள்தோறும் மூன்று வேளை முழங்காற்படியிட வேண்டும். நகை அணியலாகாது. சினிமா பார்க்கலாகாது. நோய் கண்டால் மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவு. எனக்குப் பதினொரு வயதாயிருக்கும்போது என் தங்கைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மூப்பர்கள் வந்து இரவும் பகலும் ஜெபித்தார்கள். மனமுருகியே ஜெபித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் மூப்பர் ஒருவர் என் தாயிடம், "அம்மா, உன் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கிறது" என்றார். என் தாய் அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் உயிரோடிருந்தார். தங்கையின் சாவைப் பற்றி அவர் அழுதது ஒரு பங்கு என்றால், அந்தச் சொல்லைப் பற்றி அழுதது மூன்று பங்கு.

இதை நான் சொல்வது அச்சபையைக் குறைகூறுவதற்காக அன்று. வேண்டுதலின் உள்ளே ஒரு கணக்கு இருக்கின்றது. கேட்டது கிடைத்தால் கொடுத்தவருக்குப் புகழ்; கிடைக்காவிட்டால் கேட்டவருக்குக் குறை. கோயிலிலும் இதே கணக்குத்தான். பிள்ளை பிழைத்தால் அம்மன் அருள். பிழைக்காவிட்டால் நேர்ந்த கடனைச் செலுத்தவில்லை, தீட்டோடு கோயிலுக்குள் போய்விட்டாள், கொடுத்த வாக்கை மறந்துவிட்டாள். ஆக, துன்பப்பட்டவரே குற்றவாளியாகவும் ஆகின்றார். வேண்டுதல் பயனற்றது என்பதைக் காட்டிலும் இதுவே பெரிய கேடு.

ஆனால் நம்மவர்களையும் இவ்விடத்தில் எச்சரிக்க வேண்டியிருக்கின்றது. பழைய மதத்தை விட்டு வந்தவர் சிலர், விசுவாசக் குறை என்ற சொல்லின் இடத்திலே போன ஜன்மத்து வினை என்ற சொல்லை வைத்துக்கொள்கின்றனர். பிள்ளை நோயுற்ற தாயிடம் போய், எல்லாம் முன்வினை என்கின்றனர். அப்படிச் சொல்வது தம்மம் அன்று. மோலியசீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்வதைக் குறித்துக் கேட்டபோது, அது அவ்வாறன்று என்று பகவான் மறுத்தார். பித்தத்தால் வரும் நோவு உண்டு; கபத்தால் வரும் நோவு உண்டு; வாதத்தால் வருவது உண்டு; மூன்றும் கூடி வருவது உண்டு; பருவ மாற்றத்தால், கவனக் குறைவால், பிறர் தாக்குவதால் வருபவையும் உண்டு. வினைப்பயன் என்பது எட்டாவதாக எண்ணப்படும் ஒன்றே. ஆகவே நோயுற்றவர் வீட்டிலே போய்க் கர்மக் கணக்குப் பேசுகிறவர் எவராயினும் அவர் பழைய மூப்பரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கின்றார் என்று அறிக.

இடத்தை வெறுமையாக விடலாகாது

இராசகிருகத்துக்கு அருகே வேணுவனத்தில் பகவான் இருந்தபோது, ஒரு நாள் விடியற்காலையில் சிகாலன் என்னும் இல்லறத்தான் ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும் நின்று ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். எதற்காக இப்படிச் செய்கின்றாய் என்று வினவினார். என் தந்தை சாகுந்தறுவாயில் சொல்லிச் சென்றார். அதனால் செய்கின்றேன் என்றான் சிகாலன். அந்தக் கும்பிடுக்குப் பொருள் அவனுக்கே தெரியாது. பகவான் கும்பிடாதே என்று சொன்னாரா? இல்லை. ஆறு திசைகளையும் கும்பிட வேண்டிய முறை வேறு என்றார். கிழக்கு என்பது தாய் தந்தையர். தெற்கு என்பது ஆசிரியர். மேற்கு என்பது மனைவி மக்கள். வடக்கு என்பது நண்பர். கீழ்த்திசை என்பது ஊழியர். மேல்திசை என்பது துறவியர். ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டியதைச் செய்வதே அத்திசையைக் கும்பிடுதல்.

நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவனாகிய எனக்கு இதிலே கீழ்த்திசையைப் பற்றிய பகுதி மிகவும் பிடித்தது. ஊழியருக்கு எசமானன் செய்ய வேண்டியவை ஐந்து: வலிமைக்குத் தக்க வேலை கொடுத்தல், உணவும் கூலியும் கொடுத்தல், நோயிலே பராமரித்தல், அருமையாகக் கிடைத்த பண்டத்தைப் பகிர்ந்து கொடுத்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதனைக் கும்பிடு என்று பெயரிட்டுச் சொன்னவர் நம் ஆசிரியர்.

ஆலையிலே ஆயுத பூசை நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வழங்குவார்கள். மறுநாள் குங்குமம் இட்ட கதிரிலும் இழை அறும். எண்ணெய் காணாத பேரிங்கு சூடாகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பூசைக்கு முந்திய நாளில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் அடைந்து கிடந்த பஞ்சுத் தூசியைத் துடைத்து, எண்ணெய் இட்டு, தேய்ந்ததை மாற்றுவோம். பூசைக்குப் பிறகு எந்திரம் சில நாட்கள் நன்றாக ஓடும். குங்குமத்தினால் ஓடியது என்பார் சிலர். துடைத்ததனால் ஓடியது என்பது துடைத்தவர்களுக்குத் தெரியும். பழைய மதத்தை விட்டவன் குங்குமத்தை விடலாம். துடைப்பதையும் சேர்த்து விட்டுவிட்டால் எந்திரம் நின்றுவிடும்.

நம் முன்னோரும் இவ்வழியிலேயே சென்றனர். 1898ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், மக்கள் கொண்டாடி வந்த தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையும் வெறுமனே விலக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பௌத்தப் பொருள் காட்டி எழுதினார். அச்சங்கத்தின் வழியாகக் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்திலே உழைப்பாளர்கள் தம்மம் பயின்றனர். அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. அவர்கள் பயின்ற தம்மத்துக்கு மூடுவிழா இல்லை.

ஏவல், தன்மை, வியங்கோள்

நான் பள்ளியிற் படித்தது எட்டாம் வகுப்பு வரையில்தான். பின்னர் இரவு ஷிப்டு முடிந்து வந்து, நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய இலக்கண நூலை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதிலே வினைச்சொற்களைப் பற்றிப் படித்தபோது, இந்தப் பாடத்துக்கான திறவுகோல் எனக்குக் கிடைத்தது.

பழைய பிரார்த்தனையில் வரும் வினை எது என்று பாருங்கள். தா, காப்பாற்று, மன்னித்துவிடு, கைவிடாதே. இவை ஏவல்வினைகள். ஏவல்வினை முன்னிலைக்கு உரியது. அதாவது, எதிரிலே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் இருக்கின்றாரா, கேட்கின்றாரா, கேட்டும் கேளாதது போல் இருக்கின்றாரா என்ற ஐயம் அதிலிருந்தே பிறக்கின்றது.

நம் திரிசரணத்தில் வரும் வினை எது? சரணம் செல்கின்றேன் என்பது. பஞ்சசீலத்தில் வரும் வினை எது? மேற்கொள்கின்றேன் என்பது. இவை தன்மைவினைகள். இங்கே செய்பவன் நான். எதிரிலே ஒருவர் நின்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கொலை செய்யாதே என்று ஒருவர் எனக்குக் கட்டளையிடவில்லை. கொலையை விலக்கும் பயிற்சியை நான் மேற்கொள்கின்றேன் என்று நானே சொல்கின்றேன். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் போதிசத்துவர் அம்பேத்கர் தாம் தம்மம் ஏற்று, தம்மோடு வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு வழங்கிய இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் இந்தக் கண்கொண்டு பாருங்கள். வேண்டுதல் அங்கே ஒன்றுகூட இல்லை. முதலில் வரும் சில, பழைய தெய்வங்களை வணங்கேன், புத்தரை விஷ்ணுவின் அவதாரமென்று நம்பேன் என்னும் கருத்துடையவை. அவை இடத்தைத் துப்புரவு செய்பவை. பின்னே வருபவை எண்வழிப் பாதை, பாரமிதைகள், எல்லா உயிர்க்கும் கருணை, பொய் களவு குடி விலக்கல் ஆகியவற்றைப் பற்றியவை. அவை துப்புரவு செய்த இடத்தை நிரப்புபவை. முன்பாதியை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு பின்பாதியை மறந்தவன் வீடு, படம் கழற்றிய வெறுஞ்சுவராகவே நிற்கும்.

மூன்றாவது வினை மைத்திரி பாவனையில் வருவது. எல்லா உயிரும் நலமாயிருக்க, பகையின்றி வாழ்க என்று நினைக்கின்றோம். இஃது ஏவலும் அன்று, தன்மையும் அன்று, வியங்கோள். வியங்கோளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடத்துக்கும் பொது. நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, மாடு வாழ்க, மரம் வாழ்க என்று ஒரே சொல்லாகச் சொல்லலாம். மைத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழிலே இல்லை. வியங்கோளில் வைதலும் உண்டு என்று இலக்கணம் சொல்கின்றது. அவன் கெடுக என்பதும் வியங்கோளே. நாம் வாழ்த்தலை மாத்திரம் எடுத்துக்கொண்டு வைதலை விட்டுவிடுகின்றோம்.

ஆகவே, ஏவலை விட்டுத் தன்மையையும் வியங்கோளையும் கைக்கொள்வதே பிரார்த்தனையை மாற்றிக்கொள்ளும் வழி. அசிரவதிக் கரையில் வாசெட்டனுக்கும் பாரத்துவாசனுக்கும் பகவான் இறுதியில் காட்டிய வழியும் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பாவனைகளே. அக்கரையைக் கூப்பிடாதே என்று மாத்திரம் சொல்லி அனுப்பவில்லை, நீந்தவும் கற்றுக்கொடுத்தார்.

அந்த இரவுக்கு விடை

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். கை குவிந்தது தப்பன்று. அச்சமும் அன்பும் சேர்ந்து பொங்கும்போது மனிதக் கை குவிகின்றது. அது எந்த மதத்துக்கும் தனிச்சொத்து அன்று. அந்தக் கையை யாருக்கு முன்னால் வைப்பது என்பதே கேள்வி. எவருக்கு முன்னாலும் வைக்க வேண்டியதில்லை. தன் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, முதலில் திரிசரணத்தை மெல்லச் சொல்லலாம். எனக்கு அச்சமாயிருக்கின்றது என்று தனக்குத்தானே உண்மையை ஒப்புக்கொள்ளலாம். பிறகு வியங்கோள்: என் பிள்ளை நலம் பெறுக, பக்கத்துக் கட்டிலில் இருமும் பிள்ளையும் நலம் பெறுக, தூக்கமின்றி நடக்கும் செவிலியர் நலம் பெறுக, அழுதுகொண்டிருக்கும் மாமியாரும் நலம் பெறுக.

இதனால் காய்ச்சல் இறங்குமா என்று கேட்பீர்கள். இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நெய்யை அமிழச் சொல்லும் ஊரார் கூட்டத்தில் நானும் ஒருவனாவேன். காய்ச்சலை இறக்குவது மருந்து. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுக்க வேண்டிய கை நடுங்காமல் இருப்பதற்கு இது உதவும். மூச்சு எப்படி வாங்குகின்றது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வாய் குழறாமல் இருப்பதற்கு உதவும். பிள்ளை கண் விழித்தால் அச்சம் நிறைந்த முகத்தைக் காணாமல் அமைதியான முகத்தைக் காண்பதற்கு உதவும்.

பகவான் நோயாளியின் அருகில் என்ன செய்தார் என்பதை வினய பிடகம் சொல்கின்றது. ஒரு பிக்கு வயிற்றுப்போக்கினால் வருந்தித் தன் மலசலத்திலேயே கிடந்தார். அவரால் எவருக்கும் உதவியில்லை என்று மற்றப் பிக்குகள் அவரைக் கவனிக்கவில்லை. பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அதன்பின் பிக்குகளைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஒருவரை ஒருவர் நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்னும் கருத்துப்பட உரைத்து, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குப் பணிவிடை செய்க என்றார். நோயாளியின் படுக்கையருகே பகவான் கை, நீர் ஊற்றும் கையாகவே இருந்தது. நம் சங்கத்திலே ஒரு குடும்பத்துப் பிள்ளை மருத்துவமனையில் இருந்தால், அத்தாய் இரவிலே தனியாக உட்கார்ந்திருக்கும்படி விடலாகாது. மாற்றி மாற்றி ஒருவர் போய் உட்கார வேண்டும். கஞ்சி கொண்டுபோக வேண்டும். கேட்பவர் இல்லாத இடத்தில் கைகூப்பினேன் என்று எவரும் சொல்லும்படி நேராதிருக்க இதுவே வழி.

பிள்ளை பிழையாமற் போயிருந்தால்? அப்போதும் அத்தாயின் மீது குற்றம் இல்லை. அவள் விசுவாசமும் குறையவில்லை, கடனும் பாக்கியில்லை. செய்யக்கூடியதைச் செய்தாள், நிலையாமை என்பது உயிர்களின் இயல்பு. துன்பப்பட்டவரைக் குற்றவாளியாக்காத இந்த ஒன்றுக்காகவே நான் தம்மத்துக்கு வந்தேன் என்று சொன்னாலும் தகும்.

நம்பிக்கைகளை என் செய்வது?

பிரார்த்தனை மாறினாலும் உள்ளே பழைய நம்பிக்கைகள் பல கிடக்கும். மறுமை உண்டா? நரகம் உண்டா? விட்டு வந்ததனால் கேடு வருமா? கண்டிப்பான மதத்திலே வளர்ந்தவருக்கு இவை பகலில் வருவதில்லை, இரவிலே வரும். இவற்றையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டும் என்று தம்மம் நம்மை நெருக்குவதில்லை.

கேசபுத்தம் என்னும் ஊரிலே காலாமர்கள் இதே குழப்பத்தோடு பகவானிடம் வந்தனர். கேள்விப்பட்டது என்பதற்காகவும், பரம்பரையாக வந்தது என்பதற்காகவும், நூலில் இருக்கின்றது என்பதற்காகவும், தர்க்கத்துக்கு ஒத்தது என்பதற்காகவும், சொன்னவர் நம் குரு என்பதற்காகவும் ஒன்றை ஏற்க வேண்டாம் என்றார். பேராசையும் பகையும் மயக்கமும் வளர்ப்பவை எவை, குறைப்பவை எவை என்று நீங்களே கண்டு, முன்னதை விடுங்கள், பின்னதைக் கொள்ளுங்கள் என்றார். இவ்வளவும் பலர் அறிந்தது. அதன் முடிவில் பகவான் சொன்ன நான்கு ஆறுதல்களைப் பலர் கவனிப்பதில்லை. பகையற்ற தூய மனத்தோடு வாழ்கின்றவனுக்கு, மறுமை உண்டாயின் நற்கதி உண்டு. மறுமை இல்லையாயினும் இம்மையிலேயே துன்பமற்ற வாழ்வு உண்டு. தீமை செய்தவனுக்குத் தீமை வருமாயின், தீமை நினையாத அவனைத் தீமை எப்படித் தொடும்? வராதாயினும் அவன் இருவகையிலும் தூயவனே. அதாவது, மறுமை உண்டா இல்லையா என்ற வழக்குத் தீர்வதற்கு முன்னரே நாம் நிம்மதியாக உறங்கலாம். நரக அச்சத்தோடு வந்தவர்கள் இந்நான்கினையும் மனப்பாடம் செய்க.

தம்மத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். 1907ஆம் ஆண்டிலேயே பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர் லட்சுமி நரசு, அறிவியல் பயின்ற கண்ணோடு தம்மத்தை ஆராய்ந்தவர். அந்நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். கண்மூடி விட்டு, கண்மூடிப் பிடிப்பது மாற்றம் ஆகாது.

விட்டு வந்த மதத்தாரிடம் நாம் எப்படி நடப்பது? நிகண்டநாதபுத்தரின் சீடனாயிருந்த உபாலி, பகவானோடு வாதிட வந்து, தம்மத்திலே மனம் தோய்ந்து, தன்னை உபாசகனாக ஏற்கும்படி கேட்டான். நன்றாக ஆராய்ந்து செய் என்றார் பகவான். அவன் மேலும் உறுதியாகக் கேட்டபோது, உன் வீடு நெடுங்காலமாக நிகண்டர்களுக்குக் கிணறு போல் இருந்து வந்தது. அவர்கள் வந்தால் அன்னமிட நினைவில் கொள் என்றார். தம்மத்துக்கு வந்த முதல்நாளே அவனுக்குக் கிடைத்த பாடம், பழைய ஆசிரியர்களுக்குச் சோறிடுவதை நிறுத்தாதே என்பது. மாமியார் முடிந்த மஞ்சள் துணியைப் பிடுங்கி எறியாத அந்தச் சகோதரி உபாலியின் வழியிலேயே நின்றார். அத்தெய்வத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கிழவியின் அன்பில் நம்பிக்கை உண்டு.

இவ்வாரப் பயிற்சி

ஒன்று: நாள்தோறும் காலையும் இரவும் பத்து நிமிடம் உட்கார்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லுங்கள். ஒவ்வொரு வினையிலும் செய்பவன் நான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு: தா, காப்பாற்று என்னும் ஏவல் நாவில் வந்தால் உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். அதனை வியங்கோளாக மாற்றிச் சொல்லுங்கள். என் பிள்ளையைக் காப்பாற்று என்பது, என் பிள்ளை நலமாயிருக்க என்றாகட்டும். அதனோடு இன்னொருவர் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று: வியங்கோளைச் சொல்லியபின், இதற்காக இன்று நான் செய்யக்கூடியது யாது என்று தன்மைவினையில் ஒரு வாக்கியம் சொல்லி, அதைச் செய்யுங்கள்.

நான்கு: பழைய நம்பிக்கைகளில் ஒன்றை எடுத்து, இது என்னிடம் அச்சத்தை வளர்க்கின்றதா, அன்பை வளர்க்கின்றதா என்று வீட்டாரோடு பேசிப் பாருங்கள். முடிவு உடனே வேண்டியதில்லை.

சிந்தித்து வர வேண்டிய கேள்விகள்: சிகாலனுடைய கும்பிடைப் பகவான் நிறுத்தாமல் மாற்றியது ஏன்? நோயுற்றவரிடம் முன்வினை பேசுவது எதனால் தவறு? உங்கள் வீட்டிலே எந்தத் திசை இன்னும் கும்பிடப்படாமல் இருக்கின்றது?

அஞ்சி வேண்டியோர் அச்சம் நீங்குக. நோயுற்றோர் நலம் பெறுக. நோயாளியின் அருகில் விழித்திருப்போர் துணை பெறுக. விட்டு வந்தோரும் விடாதிருப்போரும் பகையின்றி வாழ்க. எல்லா உயிரும் இன்புற்றிருக்க.